வளைபாதம்: கட்டு முடிந்த பின்னும் தொடரும் சிகிச்சை

பிறந்த குழந்தையின் பாதம் உட்புறமாக மடங்கி, குதிகால் மேலேறி நிற்பதைப் பிறவி வளைபாதம் என்கிறோம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் இது மிகுதி. கருவுற்ற தாய் கிரகணத்தன்று வெளியே வந்ததே காரணம் என்று பாலக்கோடு வட்டாரத்தில் சிலர் கூறுவர். அது உண்மையன்று. தாய் செய்த தவறு எதுவும் இதற்குக் காரணமில்லை.

முற்காலத்தில் பாதத்தைத் திறந்து பெரிய அறுவை செய்தனர். அவ்வாறு திருத்திய பாதங்களுள் பல, வளர்ந்தபின் விறைத்து வலித்தன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறையே இன்று உலகெங்கும் முதன்மையாகப் பின்பற்றப்படுகிறது. பச்சிளம் பருவத்தில் தசைநார்கள் நெகிழ்வாக இருக்கும். எனவே வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருத்தி, தொடை வரை மாவுக்கட்டு இடுகிறோம். பெரும்பாலும் 5 அல்லது 6 கட்டுகளில் பாதம் நேராகும். அதன் பின்னும் குதிகால் கீழிறங்காவிடில், குதிகால் நாணைச் சிறு கீறல் வழியே வெட்டி விடுகிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவைப்படும். அடுத்த 3 வாரங்கள் கட்டுக்குள் இருக்கையில் நாண் நீண்டு வளர்ந்து இணைந்துவிடும்.

கட்டு இட்டபின் கால்விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, சில்லிட்டாலோ, குழந்தை ஓயாமல் அழுதாலோ, கட்டு நழுவி விரல்கள் உள்ளே மறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இறுதிக் கட்டைப் பிரித்ததும் பாதம் அழகாகத் தோன்றும். பலர் சிகிச்சையைக் கைவிடுவது இந்நிலையில்தான். ஆனால் பாதம் மீண்டும் வளையும் இயல்புடையது. அதைத் தடுப்பது குறுக்குப்பட்டையில் பொருத்திய சிறப்புக் காலணி. முதல் 3 மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் 4 அல்லது 5 வயது வரை உறங்கும் நேரங்களிலும் அணிவிக்க வேண்டும். முதல் சில நாள்கள் குழந்தை அழும், பிறகு பழகிவிடும். அழுகிறதென்று கழற்றிவைத்தால், மீண்டும் கட்டும், சில வேளைகளில் பெரிய அறுவையும் தேவைப்படலாம்.

பிழைப்புக்காக ஓசூர், பெங்களூர் செல்லும் பெற்றோர் காலணியையும் சிகிச்சைச் சீட்டையும் உடன் கொண்டுசெல்லுங்கள். குழந்தை வளர வளரக் காலணியின் அளவும் மாறவேண்டும். குறித்த நாளில் காட்டத் தவறாதீர்கள்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளைபாதமும் அடங்கும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்டலாம். பாதத்தைத் திருத்துவது எங்கள் பணி. திருந்திய பாதத்தைக் காப்பது உங்கள் கைகளில் உள்ளது.