தோட்டம் அமைக்குந் தொழிலும் இணையத்தளமும்

வீட்டு முற்றங்களிலும், பாடசாலை வளவுகளிலும், விடுதிகளிலும் புற்றரை, பூச்செடி, நிழல்மரம் என்பவற்றை ஒழுங்குற அமைத்துக் கொடுத்தல் ஒரு தனித் தொழிலாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாற்றுமேடை வைத்திருப்போர் பலர் இதனையும் உடன் செய்து வருகின்றனர். மண், கல், செடி என்பவற்றை ஏற்றிச் செல்லுஞ் செலவு தூரத்தோடு கூடுவதால், அயலிலுள்ள ஊர்களே இத்தொழிலின் எல்லையாகும். முன்னர் அவ்வூரார் வீதியோரப் பலகையைப் பார்த்தும் அயலவரைக் கேட்டும் தொழில் செய்வோரை அறிந்தனர். இன்று அவர்களிற் பலர் முதலிற் கைத்தொலைபேசியிலே தேடுகின்றனர். ஆகவே, செவ்வையாக அமைந்த இணையத்தளம் தோட்டம் அமைப்போருக்கு மண்வெட்டியைப் போன்ற ஒரு கருவியாகும். அதனை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை கீழே தரப்படுகின்றன.

1. ஊரும் பெயரும்

தேடுபவர் தொழிலின் பெயரோடு ஊரின் பெயரையும் சேர்த்தே தேடுவர். எனவே நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி என வேலை செய்யப்படும் ஊர்கள் யாவும் முதற் பக்கத்திலேயே எழுத்தில் இருத்தல் வேண்டும். படத்தினுள் மட்டும் எழுதிவிடுதல் போதாது. கூகிள் தேசப்படத்தில் தொழிலிடத்தைக் கட்டணமின்றிப் பதியலாம். அங்கும் இணையத்தளத்திலும் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியன ஒரே வகையாக இருத்தல் அவசியம். செய்திகள் தமிழிலும், இயன்றவிடத்துச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பின் நன்று. தளத்தின் பெயரையே தமிழெழுத்தில் அமைப்பதற்கு ‘.இலங்கை’ என்னும் ஈறு 2010 ஆம் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்டது.

2. படங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று படங்கள் எடுத்தல் வேண்டும்: வேலை தொடங்குமுன் ஒன்று, முடிந்தவுடன் ஒன்று, அடுத்த ஆவணி மாதத்தில் ஒன்று. புதிதாக நட்ட தோட்டம் எதுவும் அழகாகவே தோன்றும். மாதக்கணக்கான வரட்சியையும் சோளகக் காற்றையும் தாங்கி நிற்கும் தோட்டமே வேலையின் தரத்தைக் காட்டும். ஆதலால் மூன்றாவது படமே வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறும். பிறர் செய்த தோட்டங்களின் படங்களை இடுதல் கூடாது. வீட்டுக்காரரின் சம்மதமின்றி அவர் வீட்டின் படத்தை வெளியிடுதலும் கூடாது. படங்களைச் சிறிதாக்கியே இடுதல் வேண்டும். பக்கம் திறக்கத் தாமதிக்குமாயின் பார்ப்பவர் அகன்று விடுவர்.

3. தண்ணீர்க் கணக்கு

குடாநாட்டின் நீர் சுண்ணக்கற் பாறையினூடாகக் கிணற்றிற் சேர்வது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கரையோரக் கிணறுகள் உவராகும். ஆகையால் புற்றரை அமைக்க விரும்புவோருக்குத் தண்ணீர்க் கணக்கை முன்கூட்டியே தெரிவித்தல் தொழில் செய்வோரின் கடமையாகும்.

உதாரணமாக, 4 பேர்ச் புற்றரை ஏறக்குறைய 100 சதுர மீற்றராகும். மழையில்லாக் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொண்டால், 500 லீற்றர் தேவைப்படும். முப்பது நாளைக்கு 15,000 லீற்றராகும். இக்கணக்கை இணையத்தளத்தில் இட்டு, ஒரு பேர்ச்சுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 125 லீற்றர் எனவும் குறித்தால், வீட்டுக்காரர் தம் கிணற்றின் நிலையை அறிந்து புற்றரையின் அளவைத் தாமே தீர்மானிப்பர். இதனாற் சில பெரிய வேலைகள் சிறியனவாகலாம். எனினும் பங்குனியிற் காய்ந்துபோன புற்றரை ஒன்று ஊரில் ஏற்படுத்தும் அவப்பெயர் அந்நட்டத்திலும் பெரிதாகும்.

4. நிலத்துக்கேற்ற செடிகள்

செடிகளின் பெயரை மட்டும் அடுக்காது, அவை வளரும் நிலத்தையும் குறித்தல் வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் நீர் வசதியிருப்பின் செவ்வரத்தை நன்கு வளரும். தீவகத்திலும் கரையோரத்திலும் பூவரசு, புன்னை, போகன்வில்லா என்பன உப்புக் காற்றைத் தாங்கும். அலரியும் தாங்கும், ஆயின் அது நஞ்சுள்ளதாதலாற் சிறுவர் விளையாடுமிடங்களில் நடத்தகாது. மலேசியப் புல் நிழலில் வளரும், ஆனால் நீரை மிகுதியாக வேண்டும். அறுகு வெயிலையும் வரட்சியையும் பொறுக்கும்.

நீர்த் தடாகங்களுக்கு ஆகாயத்தாமரையை எவ்வாற்றானும் கொடுத்தல் கூடாது. அழகுக்காக 1905 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அச்செடி விரைந்து பரவியமையால், அதனைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நீர் தேங்கும் பூச்சாடித் தட்டுகள் டெங்கு நுளம்பைப் பெருக்கும் என்பதையும் தளத்திற் குறிப்பிடுதல் நன்று.

5. பருவ அறிவித்தல்

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே மரம் நடுவதற்கு உகந்தது. மழை தொடங்கிய பின் அறிவித்தலை இடுதல் பயன் தராது. புரட்டாசித் தொடக்கத்திலேயே கன்றுகளின் பட்டியலையும், குழி வெட்டுதல் பற்றிய குறிப்பையும் இடுதல் வேண்டும். தை முதல் மூடாக்கு இடுதல், சொட்டுநீர்க் குழாய் அமைத்தல் ஆகியவற்றை முன்வைக்கலாம். சென்ற ஆண்டின் அறிவித்தல் நீக்கப்படாதிருந்தால், தொழில் நின்றுவிட்டதென மக்கள் எண்ணுவர்.

6. விலையும் விடையும்

ஒவ்வோர் இடமும் வேறுபடுவதால் முழு வேலைக்கும் ஒரே விலை கூறல் இயலாது. எனினும் புல் பதித்தலுக்குச் சதுர அடிக் கணக்கிலும், கன்றுகளுக்குத் தனித்தனியாகவும் விலையைத் திகதியுடன் குறிக்கலாம். அடிக்கற்பாறை மேலாக உள்ள நிலத்திற் குழி வெட்டுங் கூலி கூடும் என்பதையும் முன்னரே சொல்லுதல் பிணக்கைத் தவிர்க்கும். விசாரிப்போருக்கு அன்றே விடையளித்தல் வேண்டும்.

7. பயனை அளத்தல்

இணையத்தளத்தால் உண்டாகும் பயனை ஊகத்தால் அறியலாகாது. வேலைக்கு அழைக்கும் ஒவ்வொருவரையும் “எவ்வாறு அறிந்தீர்கள்?” எனக் கேட்டு, கொப்பியொன்றிற் குறித்து வருதல் வேண்டும். தளம், தேசப்படம், பலகை, அயலவர் என நான்கு நிரல்கள் போதும். ஓராண்டு முடிவில் எதற்குப் பணம் செலவிடுதல் தகும் என்பது தெளிவாகும். அயலவர் சொல்லைக் கேட்டு வருவோரும் தளத்தைப் பார்த்தே உறுதி கொள்வர். ஆதலாற் செய்த வேலையும் சொல்லிய செய்தியும் ஒன்றாயிருத்தலே இத்தொழிலின் முதலாகும்.

செடி, மண், நோய் என்பன பற்றிய ஆலோசனைகளை அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடமிருந்தும், 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தின் மூலமும் பெறலாம்.