ஔடத தானமும் அபய தானமும்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நம் ஆன்றோர் தானத்தை நான்காக வகுத்தனர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என அறநூல்களுக்கே மருந்தின் பெயரைச் சூட்டிய மரபினர் நாம். எனினும், ஒரு மூலிகை மருந்தென நிறுவப்படும் வழியில் எவ்வுயிர் துன்புறுகிறது என்று நாம் அதிகம் வினவியதில்லை. நீரிழிவு மருந்தாய்வில் இவ்வினா தவிர்க்க இயலாதது.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881இல் பிறந்த இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் நிறுவியது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் உயிர்வேதியியல் துறையினரான எல். பாரி, எம். லதா ஆகியோர், வறண்ட நிலத்தில் தானே வளரும் ஆவாரையின் பூவை ஆராய்ந்து 2002, 2003ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். பூவின் நீர்ச்சாற்றை 30 நாட்கள் புகட்டியதில் இரத்தச் சர்க்கரை குறைந்தது, இன்சுலின் கூடியது. நற்செய்தியே. ஆனால், புகட்டப்பட்டவை எலிகள். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைச் சிதைத்து, நோயை உண்டாக்கிய பின்னரே அவற்றுக்கு மருந்து தரப்பட்டது. பூவைப் பறிப்பதிலும் ஓரறிவுயிருக்கு ஊறு உண்டென எண்ணும் நமக்கு, ஐம்பொறியுடைய உயிரின் இத்துன்பம் சிறிதன்று. ஔடத தானத்திற்காக அபய தானம் கைவிடப்படுகிறதே!

மனிதரிடமும் மூலிகை சோதிக்கப்பட்டதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் 1990இல் சிறுகுறிஞ்சான் இலைச்சாறு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். (இவ்விலையை மென்றபின் சர்க்கரை நாவில் இனிக்காது.) இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேர், வழக்கமான மாத்திரைகளோடு நாள்தோறும் 400 மில்லிகிராம் சாற்றை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். சர்க்கரை குறைந்தது, மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது, ஐவர் மாத்திரையையே விட்டனர். ஆயினும் 22 பேர் மிகச் சிறு தொகை. முடிந்த முடிவென அதைக் கொள்ளலாகாது. அக்குழுவினரும் எலிகளை அறவே தவிர்க்கவில்லை.

எலியிடம் கண்ட பயனை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்வதும் பிழை. ஆவாரம்பூக் குடிநீரை நம்பித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஊறாகலாம். மாத்திரையோடு சேர்த்து அருந்தினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். ஆகவே மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது எனத் தயங்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி: 1982 முதல் நுண்ணுயிரின் வழியே ஆக்கப்படும் மனித இன்சுலின் வழக்கில் உள்ளது. அதிலும் நுண்ணுயிர் உண்டே எனின், மறுப்பதற்கில்லை. ஊறு குறைந்த வழியைத் தேர்வதே இல்லறத்தார்க்கு இயல்வது.

ஆய்வுமுறையும் மாறி வருகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்கள், கணினிவழிக் கணிப்பு போன்ற முறைகளால் புதிய மருந்துகளைச் சோதிக்க 2023இல் நம் நாட்டு மருந்துச் சோதனை விதிகள் திருத்தப்பட்டு இடமளிக்கப்பட்டுள்ளது. மூலிகையாய்வுக்கு நிதி வழங்கும் நம் அறக்கட்டளைகள், எம்முறையில் ஆய்வு நிகழும் என்பதை முதலிற் கேட்டறிந்து பின்னர் வழங்கலாம்.