சுட்டிய சொல்லும் சொல்லிய சொல்லும்

அன்புள்ள பாப்பா,

‘ஐ நோ தட் ஹி கேம்’ என்பதில் வரும் ‘தட்’டுக்குப் பொருளே கிடையாது, அது வெறும் ஒட்டு என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாமே. உன் கடிதத்தில் அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பொருளற்ற ஒன்றை ஒரு மொழி ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஏன் சுமக்க வேண்டும்?

‘அது’ என்று சுட்டுகிற அதே ‘தட்’தான் இதுவும். பழைய ஆங்கிலத்தில் சுட்டுச்சொல்லுக்கு மூன்று பால்கள் இருந்தன. ஆணும் பெண்ணும் அல்லாததற்கு உரிய வடிவம் இது. ‘அவன் அதைச் சொன்னான், மழை வரும்’ என இரண்டாக நின்ற வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டபோது, முதல் வாக்கியத்தின் ‘அது’ இரண்டாவதன் வாசலுக்கு நகர்ந்தது என்பதே வழக்கமான விளக்கம். ஜெர்மனிலும் இப்படித்தான். அங்கே உச்சரிப்பு ஒன்று, எழுத்தில் மட்டும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு: சுட்டும்போது அழுத்துவார்கள், இணைக்கும்போது உயிரொலியைத் தேய்த்துவிடுவார்கள். காது கொடுத்துக் கேள்.

நீ கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை விடவில்லை. நம் வீட்டுத் தமிழிலும் பள்ளித் தெலுங்கிலும் இந்த வேலையைச் செய்யும் சொல் ஏன் வாக்கியத்துக்குப் பின்னால் வருகிறது?

‘என்று’ ஒரு வினையெச்சம். ‘என்’ என்றால் சொல். ‘என்றான்’, ‘என்கிறாள்’ எல்லாம் அதன் பிள்ளைகள். தெலுங்கின் ‘அனி’யும் ‘அனு’ என்ற சொல்லும் வினையிலிருந்து வந்ததே. பேசி முடித்த பிறகுதானே ‘என்று சொல்லி’ என முடிக்க முடியும்? அதனால்தான் அதற்குக் கடைசி இடம். குடும்பமே வேறான சிங்களம்கூட ‘கியனவா’ என்ற சொல்லும் வினையிலிருந்து ‘கியலா’ என்று ஆக்கிக்கொண்டது. வங்காளியின் ‘போலே’யும் அப்படியே. மேற்கே விரலால் சுட்டினார்கள், நாம் வாயால் சொன்னோம் என்று நான் நெடுநாளாக நம்பி வருகிறேன்.

திருப்பதி பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ‘வரேன்னு சொன்னான்’ என்று ஒரு குரல், ‘வஸ்தானனி செப்பாடு’ என்று இன்னொன்று. இரண்டிலும் வருபவன் தன் வாயால் சொன்ன தன்மை வினை அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஹி செட் தட் ஹி வுட் கம்’ ஆகிவிடும். ‘ஐ’ போய் ‘ஹி’ வரும், ‘வில்’ போய் ‘வுட்’ வரும். அவன் பேச்சைச் சொல்பவர் தன் பேச்சாக்கிக்கொள்கிறார். ‘என்று’ அப்படிச் செய்ய வற்புறுத்துவதில்லை. அடுத்தவன் குரலை அடுத்தவனிடமே விட்டுவைக்கிறது. இவ்வளவு நுட்பமான சொல்லை ‘ன்னு’ என்று தேய்த்த பிறகும் நாம் இழக்கவில்லை.

தொல்காப்பியத்தை எடுத்து இடையியலைப் படி. ‘என’ என்ற சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்று ஆறு இடம் வகுத்து, ‘என்று’வும் அவ்வாறே என்கிறது. ‘கலீரென்று’ என்பதில் வருவது இசை. தெலுங்குக்காரர் சலங்கை ஒலிப்பதை ‘கல்லுமனி’ என்பார்கள். அங்கேயும் அதே ‘அனி’. அந்த நூலின் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாக வைத்தது நம் வேங்கட மலையை. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இலக்கணம் ஒன்றாக இருப்பதை நீ தினமும் வாயில் வைத்துக்கொண்டு, பொருளற்ற சொல் என்று எவரோ சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறாயே!

‘தட்’டை விட்டுவிடலாமே என்றும் கேட்டிருந்தாய். ‘ஐ நோ ஹி கேம்’ சரிதான். ‘தட் ஹி கேம் ஈஸ் ட்ரூ’ என்பதில் விட்டுப் பார். ‘ஹி கேம்’ என்றதும் கேட்பவர் வாக்கியம் முடிந்தது என்று எண்ணிவிடுவார், மிச்சம் தொங்கும். முன்னால் நின்று ‘இது முழு வாக்கியமல்ல, பொறு’ என்று தடுக்கும் வேலை அங்கே அதற்கு இருக்கிறது. அடுத்த வகுப்பில் இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அந்தச் சொல்லை அழித்துக் காட்டச் சொல்.