எலும்பு வைத்தியரைக் காணுமுன்

எலும்பு முறிந்தவர்க்கு அத்துறையில் வல்ல ரண வைத்தியரோடு பேசக் கிடைக்கும் நிமிஷங்கள் சிலவே. ஆதலின், அடிபட்ட நாள், வலியுள்ள இடம், அது மிகும் வேளை ஆகியவற்றை ஒரு தாளிற் குறித்துச் செல்லுதல் நலம். முன்னெடுத்த எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் கொண்டு செல்க. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டாலன்றோ எலும்பு விலகிற்றா, கூடிற்றா என்பது விளங்கும்? இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர் அதனை மறவாது கூறல் வேண்டும். அறுவைக்கு நாள் குறிப்பது அதனையும் பொறுத்தது.

இனி, நம்மவர் மறைக்கும் விஷயமொன்று உண்டு. அதுவே ஆந்திர நாட்டுப் புத்தூர்க் கட்டு முதலிய நாட்டுக் கட்டுகள். யாமும் சடுகுடு ஆடி முன்கை முறிந்தபோது, ஒரு மாதம் கட்டோடிருந்துவிட்டு, சென்ற வாரந்தான் விழுந்ததாக வைத்தியரிடம் கூறினோம். அவர் படத்தில் முறிவைச் சுற்றிப் படர்ந்திருந்த புது எலும்பைக் காட்டிப் புன்னகைத்தார், யாம் தலைகுனிந்தோம். நாணத்தாற் சொல்லும் பொய் சிகிச்சையையே பிழைபடுத்திவிடும். புதிய முறிவை இழுத்து நேர்செய்வதுபோலக் கோணிக் கூடிய எலும்பை நேர்செய்தல் இயலாது.

கட்டின்கீழ் விரல்கள் மரத்தாலும், அவற்றை நீட்டுங்கால் வலி பொறுக்கவொண்ணாததாயினும், குறிப்பெழுதிக் கொண்டிராது உடனே செல்க. இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை சுருங்கிக் கை முடமாதலை ஜெர்மானிய வைத்தியர் வோல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அத்தசை மடிவதற்குச் சில மணி நேரமே போதும்.