இன்சுலின் தமனியை அடைக்குமா?

"டீச்சர், இன்சுலின் ஊசி போட்டா ரத்தக் குழாய் அடைச்சிடும்னு யாரோ சொல்லிட்டாங்க. பாட்டி ஊசியே வேணாங்கிறாங்க. நெசமா?" பெண்டாங்கில் என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள். இந்தப் பேச்சில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் சிக்கல்.

கணையம் சுரக்கும் இன்சுலின், உயிரணுக்களுக்குள் சர்க்கரையை அனுப்பும் சாவி என்று படிக்கிறோம். தமனிச் சுவரிலும் அதற்கு வேலை உண்டு. சுவரின் உட்புறம் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய உறை. இன்சுலின் அங்கே இரண்டு வழிகளில் செயல்படுகிறது. ஒரு வழியில் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, குழாய் தளர்ந்து விரிகிறது. மறுவழியில் எண்டோதெலின் சுரந்து, குழாய் சுருங்குகிறது. சுவரின் தசை உயிரணுக்களும் பெருகத் தூண்டப்படுகின்றன.

வயிற்றில் கொழுப்பு சேர்ந்து உடலுழைப்பு குறைந்தால், தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. ஈடுகட்டக் கணையம் மேலும் சுரக்கிறது. விபரீதம் என்னவென்றால், தமனியில் தளர்த்தும் வழி மட்டுமே மந்தமாகிறது. சுருக்கும் வழி பெரும்பாலும் பழையபடி இயங்குகிறது. அதோடு இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. பழுதான உறையின் அடியில் கெட்ட கொலஸ்ட்ரால் படியத் தொடங்குகிறது. இனிப்புநீர் இருப்பது தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது ஆரம்பித்துவிடலாம்.

நமக்கு இது அடுத்த வீட்டுக் கதையல்ல. லண்டனில் வாழும் தெற்காசியர்களுக்கு, ஐரோப்பியரைவிட வயிற்றுக் கொழுப்பும், சர்க்கரை நீர் குடித்தபின் இன்சுலின் அளவும் அதிகம் என்று 1991-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.

சரி, பாட்டியின் ஊசி? எதிர்ப்பினால் உடலில் இன்சுலின் மிகுவது வேறு, குறையை நிரப்ப மருத்துவர் தரும் இன்சுலின் வேறு. 2012-இல் வெளியான 'ஒரிஜின்' ஆய்வில், 12,537 பேரில் ஒரு பாதியினருக்கு இன்சுலின் கிளார்ஜின் ஊசி தரப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும், மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அவர்களிடம் கூடவில்லை, குறையவும் இல்லை. எடை சற்றுக் கூடியது, சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்தது. அதற்காக ஊசியைத் தானாக நிறுத்தக்கூடாது. கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், அதுவே தமனியைக் கெடுக்கும்.

எதிர்ப்பைக் குறைக்க நடை உதவும். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் துணையில்லாமலும் சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். பாட்டிக்குத் துணையாக மாலையில் நடக்கும்படி மாணவியிடம் சொன்னேன். வீட்டில் எல்லாருடைய இடுப்பையும் அளந்து வரச் சொல்லியிருக்கிறேன்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தான் வரம்பு.