சென்டரை வெளியே அழையுங்கள்

எங்கள் கூடைப்பந்து அணியின் சென்டர் நல்ல உயரம். ஆனால் கூடைக்கு அடியில் பந்தைக் கொடுத்தால் உடனே இருவர் சூழ்ந்துகொள்கிறார்கள். அவரை எப்படிப் பயன்படுத்துவது?

ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள். 2023-இல் என்.பி.ஏ. பட்டம் வென்ற டென்வர் நகெட்ஸ் அணியில் நிக்கோலா யோக்கிச் அங்கேதான் பந்தை வாங்கி, தலைக்கு மேலே பிடித்தபடி நிற்பார். அவரைக் காக்கும் நெட்டையரும் வெளியே வந்தாக வேண்டும், கூடையடி காலியாகும். அந்த நொடியில் சக வீரர் ஆரன் கார்டன் உள்ளே பாய்வார், பந்து கைக்கு வந்து சேரும். வழி அடைபட்டால், ஓடிவரும் ஜமால் மர்ரேயிடம் யோக்கிச் பந்தைக் கொடுத்துவிட்டு, மர்ரேயைத் துரத்துபவருக்குக் குறுக்கே நிற்பார்.

இருவர் சூழ்ந்தால் கலங்காதீர்கள். உங்கள் ஆள் ஒருவர் காவலின்றி நிற்கிறார் என்று அர்த்தம்! முதலில் மற்ற நால்வரையும் ஓடப் பழக்குங்கள். பாஸ் தானாக வரும்.