சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

(நாமகிரிப்பேட்டை ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

நம் ஊரில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டைகள் வந்து இறங்குகின்றன. நல்ல விலை போன வாரத்தில் கடைத்தெரு முழுக்கக் கலகலப்பாக இருக்கும். விலை இறங்கினால் டீக்கடையில்கூடப் பேச்சு குறைந்துவிடும். விவசாயிக்கு மட்டுமல்ல, மூட்டை தூக்குபவருக்கும், வண்டி ஓட்டுபவருக்கும், கடை வைத்திருப்பவருக்கும் வருமானம் ஏறி இறங்குகிறது. ஆனால் வீட்டுச் செலவு இறங்குவதில்லை. அரிசி, பால், கேஸ், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் அப்படியே நிற்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் குழுக் கடன் வாங்குகிறார்கள். வாராவாரம் வட்டியோடு தவணை கட்ட வேண்டும். தவணை நாளில் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்போது, "அவர் ஊரில் இல்லை" என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடுவார்கள். கடனை விட்டு இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லும் நிலைக்கும், வாக்களித்தால் மாறு செய்யும் நிலைக்கும் ஆளாகிறான் என்று விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). அப்படியானால் வீட்டில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நம் நாவைப் பொய்யிலிருந்து காக்கிறது. சிக்கனத்தைப் பற்றி மிம்பரில் பேசுவதற்கு இதுவே போதுமான காரணம்.

இதைப் பேசத் தூண்டியது ஒரு சகோதரியின் கேள்வி. "கணவர் தரும் வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து, அவருக்குத் தெரியாமல் சிறுவாடு சேர்க்கிறேன். இது கூடுமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். அதற்கான பதிலைக் கடைசியில் பார்ப்போம். முதலில் மார்க்கம் வைத்திருக்கும் எல்லையைத் தெரிந்துகொள்வோம்.

எல்லை எங்கே இருக்கிறது?

அர்ரஹ்மானின் நல்லடியார்களின் பண்புகளைச் சொல்லும் அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் (25:67), அவர்கள் செலவு செய்தால் விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் காட்டமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்று அல்லாஹ் கூறுகிறான். பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் (17:29) கையைக் கழுத்தில் கட்டிக்கொள்வதையும் தடுக்கிறான், ஒரேயடியாக விரித்துவிடுவதையும் தடுக்கிறான். அதே அத்தியாயத்தில் (17:26, 27) உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதை ஒட்டியே வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று எச்சரிக்கிறான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிறருக்கு உரிய ஹக்கு, அடுத்ததாக விரயத்திற்குத் தடை. வீட்டில் விரயத்தை நிறுத்துவது எதற்காக? உரியவருக்கு உரியதைக் கொடுக்க நம் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக. இந்த நோக்கம் இருந்தால் அது சிக்கனம். இந்த நோக்கம் போய்விட்டால் அதற்குப் பெயர் கஞ்சத்தனம்.

நபியவர்களின் வீட்டில் என்ன நடந்தது?

சிக்கனமாக இருக்கச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், தம் ஆடைக்குத் தாமே ஒட்டுப் போடுவார்கள் என்று சொன்னார்கள் (அஹ்மத்). அந்தக் கண்ணியத்தை விடவா நம் கௌரவம் பெரியது?

ஒருமுறை வீட்டில் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். காடி (வினிகர்) தவிர வேறில்லை என்றார்கள் வீட்டார். அதையே கொண்டுவரச் சொல்லி, காடி நல்ல குழம்பு என்று புகழ்ந்தபடியே உண்டார்கள். உடன் இருந்த ஜாபிர் (ரலி), அன்றிலிருந்து தமக்கும் காடி பிடித்துப்போனது என்கிறார்கள் (முஸ்லிம்). "இன்றைக்கும் ரசம்தானா?" என்று தட்டைத் தள்ளிவிடும் ஆண்கள் இந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். கணவர் முகம் சுளித்தால் மனைவி அடுத்த நாள் கடையில் வாங்குவாள். அவர் பாராட்டினால் இருப்பதை வைத்துச் சமைப்பாள். வீட்டின் சிக்கனம் பாதி நம் முகத்தில்தான் இருக்கிறது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட ஒரு பெண்மணிக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள் நபி (ஸல்). அது செத்த ஆடாயிற்றே என்று சொன்னபோது, அதை உண்பதுதான் தடை செய்யப்பட்டது என்று விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). முஸ்லிமின் அறிவிப்பில் தோலைப் பதனிடுவதும் சொல்லப்படுகிறது. மற்றவர்கள் ஒதுக்கிப் போட்ட பொருளிலும் ஹலாலான பயன் எது என்று தேடும் கண் அது. கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணுங்கள், ஷைத்தானுக்கு விட்டுவிடாதீர்கள் என்பதும் அவர்கள் கற்றுத் தந்ததே (முஸ்லிம்).

தண்ணீரில் ஒரு பரிசோதனை

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளு செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையுள்ள தண்ணீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு முத்து என்பது நடுத்தரமான ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் ஓர் அள்ளல். நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ. இவ்வளவு தண்ணீர் எனக்குப் போதாதே என்று ஒருவர் சொன்னபோது, உன்னைவிட அதிக முடி உள்ளவருக்கும் உன்னைவிடச் சிறந்தவருக்கும் அது போதுமாக இருந்தது என்று ஜாபிர் (ரலி) பதில் சொன்னார்கள் (புகாரி).

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் விரயம் கூடாது என்று இப்னு மாஜாவில் ஒரு செய்தி உண்டு. அதன் தொடரில் பலவீனம் இருப்பதாக அறிஞர்கள் சொல்கிறார்கள். கருத்து சரியானதே, ஆனாலும் நமக்கு அனஸ் (ரலி) அவர்களின் ஆதாரப்பூர்வமான அறிவிப்பே போதும்.

இன்று அஸருக்கு வீட்டில் ஒளு செய்யும்போது குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வையுங்கள். வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டு ஒளு செய்யுங்கள். முடித்த பிறகு வாளியைப் பாருங்கள். நாளைக்கு ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து ஒளு செய்து பாருங்கள். ஐந்து வேளைக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். சொட்டுகிற குழாயையும் கணக்கில் சேருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகிறது. வாஷர் மாற்ற ஆகும் செலவு எவ்வளவு?

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

நம் தாய்மார்கள் செய்து வந்த பல பழக்கங்கள் இன்று விநோதமாகத் தெரிகின்றன. அவற்றில் சிலவற்றை நினைவுபடுத்துகிறேன்.

1. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. ஒரு பிடி குறைந்ததால் யாருக்கும் வயிறு குறையாது. மாதக் கடைசியில் அது ஏழைக்குப் போகும், அல்லது நெருக்கடியில் வீட்டுக்கே உதவும். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழிக்கு (புகாரி, முஸ்லிம்) இது ஒரு செயல் விளக்கம்.

2. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கோ செடிக்கோ போக வேண்டும். வடித்த கஞ்சி பருத்தித் துணிக்குப் போகும். இரவில் மிஞ்சிய சோறு, தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோரும் வெங்காயமும் சேர்ந்து நல்ல உணவு. குப்பைக்கு எதுவும் போகத் தேவையில்லை.

3. பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊற வைத்தால் கேஸ் மிச்சமாகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வையுங்கள்.

4. வீட்டு மின் மீட்டரை மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். இரண்டு மாதத்திற்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டண வீதம் கூடிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு மாதக் கணக்கு 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் உஷாராக இருக்கலாம்.

5. நாளுக்கு 30 ரூபாய் உண்டியலில் போட்டால் வருடத்திற்கு 10,950 ரூபாய். ஜூன் மாத ஃபீஸுக்கு வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

சேமித்தால் தவக்குல் குறைந்துவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலை, உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தைத் தவிர, கதிரிலேயே விட்டு வைக்கச் சொன்னார்கள் (12:47). நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்திற்கு ஓராண்டுக்கான உணவை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு, நல்ல விலைக்காகப் பொறுமையாக வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

பாவமாக மாறும் சிக்கனம்

அன்பர்களே! இதுதான் இன்றைய உரையின் முக்கியமான பகுதி. நாம் மிச்சம் பிடிக்கும் பணம் யாருடைய பங்கிலிருந்து வருகிறது? நம் ஆசையைக் குறைத்து மிச்சம் பிடித்தால் அது இபாதத். அடுத்தவர் ஹக்கைக் குறைத்து மிச்சம் பிடித்தால் அது அநியாயம்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூலியில் ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொள்வது சிக்கனம் அல்ல. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுகிறான் (புகாரி). இலவச யூனிட்டுக்காகப் பொய்த் தகவல் கொடுத்து ஒரே வீட்டுக்கு இரண்டு மின் இணைப்பு வாங்குவதும் சிக்கனம் அல்ல. அது பொய்யும் பொதுச் சொத்தில் மோசடியும். பள்ளிவாசல் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் போய் வீட்டு மோட்டார் செலவை மிச்சம் பிடிப்பதும் அப்படியே. அது வக்ஃபின் தண்ணீர்.

குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு வருடம் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த வருடம் ஏழைக் கிராமவாசிகள் மதீனாவுக்கு வந்திருந்தார்கள். பிறகு அந்தக் காரணத்தைச் சொல்லி, இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மம் செய்யுங்கள் என்று அனுமதித்தார்கள் (முஸ்லிம்). பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாத நாளில் நம் ஃப்ரிட்ஜ் நிறைந்திருக்கக் கூடாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சிறுவாடு கூடுமா?

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அபூ சுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி), தம் கணவர் கையை இறுக்கிப் பிடிப்பவர், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை, அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் உண்டு என்று முறையிட்டார்கள். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று நபி (ஸல்) அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகவே கணவர் கடமையான செலவுக்கே தராதபோது, தேவையான அளவு எடுப்பதற்கு வழி இருக்கிறது.

கணவர் போதுமானதைத் தருகிறார், மனைவி திறமையால் மிச்சம் பிடிக்கிறார் என்றால், அந்தப் பணம் அவரிடமுள்ள அமானத். வெளிப்படையாகவோ வழக்கப்படியோ கணவரின் சம்மதம் இருந்தால் சேர்க்கலாம். குடும்பத்திற்காகத்தான் என்றாலும் ஒருமுறை சொல்லிவிடுவது மனதுக்கும் மார்க்கத்துக்கும் நல்லது. மனைவி தானே உழைத்துச் சம்பாதித்தது அவருக்கே சொந்தம். அதில் கணவர் கை வைக்க முடியாது. சேர்ந்த தொகை நிஸாபை எட்டி ஒரு சந்திர ஆண்டு கடந்தால், நூற்றுக்கு இரண்டரை ஜகாத் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அரிசி டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருந்த நோட்டுகள் பல வீடுகளில் வெளியே வந்தன. "எனக்குத் தெரியாமலா?" என்று கோபப்பட்ட கணவர்களும் உண்டு. கணவர்மார்களே, உங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பணத்தை அவள் ஏன் உங்களிடம் சொல்லவில்லை? சொன்னால் செலவழித்துவிடுவீர்கள் என்ற பயமா? அப்படியானால் திருந்த வேண்டியவர் யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் பல வீடுகளில் ஆட்டோவுக்கும் டாக்டருக்கும் கைகொடுத்தது அந்தப் பணம்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்த மாதம் எது விரயமாகப் போனது, யாருக்குக் கொடுக்க வேண்டியது நிலுவையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் நிலுவையைத் தீருங்கள். பிறகு விரயத்தைக் குறையுங்கள். மிஞ்சுவதில் ஒரு பகுதியைச் சேமியுங்கள், ஒரு பகுதியை ஏழைக்கு ஒதுக்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வருமானத்தை ஹலாலாக ஆக்குவாயாக. எங்கள் செலவில் நடுநிலையையும், கொஞ்சத்தில் பரக்கத்தையும் தருவாயாக. கடனிலிருந்தும் வட்டியிலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் எங்கள் வீடுகளைப் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.